காக்கை எடுக்காத சோறு

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தும் விட்டது. காக்கை இன்னும் வரவில்லை.

மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் வாழையிலைத் துண்டு. அதில் சோறு, ஒரு கரண்டி குழம்பு, நடுத்துண்டு விரால் மீன். துரைக்கண்ணு "கா... கா..." என்று கூப்பிட்டுத் தொண்டை கட்டிப் போய் நின்றார். எதிர் வீட்டு ஓட்டின் மேல் நாலு காக்கைகள் உட்கார்ந்து, யார் வீட்டுச் சோறோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் மனைவி பூவம்மாள் போய் ஒரு வருஷம். போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்து, காக்கைக்கு ஒரு பங்கு வைப்பார்கள். காக்கை எடுத்த பிறகுதான் வீட்டார் இலையில் உட்காருவார்கள். எடுக்காவிட்டால் போனவருக்கு மனக்குறை என்று பொருள். துரைக்கண்ணு காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"இன்டர்வியூ கார்டு வந்தாத்தான் வரும்போல இருக்குது, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் மாதிரி" என்றான் மூத்தவன் தர்மன். யாரும் சிரிக்கவில்லை.

துரைக்கண்ணுவின் அக்கா ஜெயம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். தென்னேரி ஏரி விராலை ஈரச் சாக்கில் சுற்றி விடியற்காலை பஸ்ஸில் கொண்டுவந்தவள் அவள்தான்.

"கொறை இருக்குது தம்பி. பெத்த பொண்ணு கீரையும் வெறுஞ்சோறுமா காஞ்சிக்கினு கெடக்கு. அவளுக்கு எப்படி தொண்டைல எறங்கும்?"

எல்லோரும் மகள் ரேணுகாவைப் பார்த்தார்கள். அவள் சுவரில் காய்ந்திருந்த எச்சத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வழுவழுப்பு போகக் கழுவியது அவள். குழம்பு வைத்ததும் அவள். படையலுக்குச் சமைக்கிறவள் வாயில் வைத்து உப்புப் பார்க்கக் கூடாது. "அதுக்கு மட்டும் இவதான் லாயக்கு" என்று தர்மன் காலையில் சொல்லியிருந்தான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் அவள் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்தாள். கறி மீனை விட்டது அதற்கு இரண்டு வருஷம் முன்பு, தவளையின் மார்பைத் திறந்து துடிக்கிற இதயத்தைப் பார்த்த வாரத்தில். அதைக்கூட வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள். பாலை விட்டதைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. பின்தெருப் பால்காரர் வீட்டில் கன்று செத்துப்போனது. அதன் தோலில் வைக்கோலை அடைத்து நாலு குச்சி நட்டுப் பசுவின் முன் நிறுத்தினார்கள். பசு அதை நக்கிக்கொடுத்தது. நக்க நக்கப் பால் சுரந்தது. செம்பு ஏந்திப் போன ரேணுகா வெறும் செம்போடு திரும்பினாள்.

அன்றிலிருந்து மோர் இல்லை, நெய் இல்லை. லேபில் கண்ணாடி ஜாடிக்குள் பட்டுப்புழு, கூடு, பூச்சி என்று வரிசையாகப் பார்த்த பிறகு பட்டும் இல்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்துவிட்டுப் பட்டு வேண்டாம் என்கிற பெண்ணை என்ன செய்வது? "ஐயரூட்ல மோர் இல்லாம எலைய எடுக்க மாட்டாங்க. திருப்பருத்திக்குன்றத்துச் சமண நயினாருங்ககூடப் பால் குடிக்கிறாங்க. இவ எந்தச் சாதிடி?" என்று அத்தை அம்மாவிடம் கேட்டாள். ரேணுகாவுக்கும் அது தெரியவில்லை. அவள் இருந்த பக்கத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

அம்மா சண்டை போடவில்லை. தினமும் அவள் தட்டில் ஒரு துண்டு வைப்பாள். மீன் இல்லாத நாளில் முட்டை. "சாப்பிடுறா கண்ணு" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ரேணுகா தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். தட்டின் விளிம்பில் விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். காக்கை வரும். முதலில் வருவது எப்போதும் இடது காலில் ஒரு விரல் இல்லாதது. காலித் தட்டோடு அவள் இறங்கி வரும்போது அம்மாவின் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று.

அம்மா போன பிறகு அவள் தட்டில் யாரும் எதையும் வைக்கவில்லை. சமைப்பவளும் பரிமாறுபவளும் அவளே. அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. துணி காயப்போட மாடிக்கு வந்தால் அந்தக் காக்கை சுவரில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பார்க்கும். பிறகு போய்விடும்.

"இத்தினி பேர் நின்னா வராது அத்தை" என்றாள் ரேணுகா மெதுவாக.

"நீ படிச்சவ. நாங்க சொல்றத கேளு. அந்த மீன்ல ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கோ. அடுத்த நிமிசம் வருதா இல்லையா பாரு!"

"அத்தை..."

"ஒரு வாய்டி. விஷமா குடுக்கறேன்?"

துரைக்கண்ணு திரும்பினார். அவர் உதடு வெடித்திருந்தது. ஒரு வருஷமாக மகளிடம் சோறு, சாவி, விளக்கு என்பதற்கு மேல் எதுவும் பேசாதவர்.

"ஒரு வாய் போட்டுக்கோம்மா. அவளுக்காக. ஒன்ன நான் இனிமே கேக்கவே மாட்டேன்."

ரேணுகா இலையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாரும் கீழ போங்க. நான் மட்டும் இருக்கறேன்" என்றாள்.

ஜெயம்மாளின் முகம் மலர்ந்தது. "வெக்கப்படுது! இத்தினி நாள் வேணாம்னுட்டு நம்ம எதுர்ல எப்படித் தின்னும்? வாங்க, எறங்குங்க. டேய் தர்மா, நீயும்தான்டா!"

படிகளில் காலடிச் சத்தம் அடங்கியது. ரேணுகா கொடியோரம் கிடந்த தகரத் தட்டை எடுத்துத் துடைத்தாள். இலையிலிருந்ததை அப்படியே அதில் மாற்றினாள். விரலில் குழம்பு பட்டது. புளியும் மீனும் கலந்த அந்த வாசனை அம்மாவின் முந்தானையில் இருந்த வாசனை. நாக்கில் நீர் ஊறியது. அது உடம்பின் வேலை, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டாள். விரலைப் பாவாடையில் துடைத்தாள்.

தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருஷம் ஆயிற்றே. இன்னும் இரண்டு தட்டு.

எதிர் ஓட்டிலிருந்து ஒன்று கிளம்பியது. சுவரில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தது. இடது காலில் ஒரு விரல் இல்லை. விரால் துண்டைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே மற்ற மூன்றும் இறங்கின.

கீழே முற்றத்திலிருந்து தர்மன் கத்தினான்: "எடுத்துடுச்சு! வாயில மீனோட போவுது பாருங்க!"

அவள் இறங்கி வந்தபோது அத்தை அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். "நான் சொன்னேன் இல்ல? நீ தின்ன, அவ வந்தா!" ரேணுகா வாயைத் திறப்பதற்குள் அத்தை இலை போடப் போய்விட்டாள்.

வரிசையாக உட்கார்ந்தார்கள். அத்தை பரிமாறினாள். ரேணுகாவின் இலையில் ஒரு துண்டு விராலை வைத்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் இலையில் இன்னொருவர் கை வைத்த துண்டு. "இனிமே தெனமும் திங்கணும், ஆமா" என்றுவிட்டுச் சோறு எடுக்க அடுக்களைக்குப் போனாள். தர்மன் தண்ணீர் மொள்ளப் போயிருந்தான்.

துரைக்கண்ணு முதல் கவளத்தை உருட்டினார். அவர் முகம் இளகியிருந்தது.

"உங்கம்மா சொல்லுவா. கொயந்தைக்கு எங்க எதுர்ல சாப்பிட வெக்கம், மாடிக்கு எடுத்துக்கினு போயித் தின்னுட்டு வரும்னு. தட்ட நக்கினாப்பல இருக்கும்பா."

அப்படியே விட்டிருக்கலாம். அத்தைக்கு நிம்மதி, அப்பாவுக்கு நிம்மதி. நாளை முதல் ஒரு துண்டு, தகரத் தட்டு, மாடி.

"நான் சாப்பிடலப்பா" என்றாள். "காக்காவுக்குத்தான் போட்டேன். இப்பவும். அப்பவும்."

கவளம் பாதி வழியில் நின்றது.

"எத்தினி நாளா?"

"மூணு வருசம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் கேட்டது. துரைக்கண்ணு கவளத்தை இலையில் வைத்தார். அக்கா வரும் வழியை ஒரு தரம் பார்த்தார். கை நீட்டி மகள் இலையிலிருந்த விரால் துண்டை எடுத்துத் தன் இலையில் வைத்து, மேலே சோற்றைத் தள்ளி மூடினார்.

"உங்க அத்தைகிட்ட சொல்லாத."

அதன் பிறகு அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. தலையைக் குனிந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சாப்பிட்டார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவளுக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. அவர் கை பட்ட இடத்தில் இலையில் குழம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. சோற்றை அந்த இடத்திலிருந்து தள்ளி ஒதுக்கிக்கொண்டு, ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள்.

மாடியில் தகரத் தட்டை ஏதோ கொத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.