நிமலன் வாங்கிய சாவி

காலை ஏழரைக்கு விடுதிக்காரர் சாவிப் புத்தகத்தைக் கொண்டுவந்து பதிவு மேசையில் வைத்தார். கைறுன்னிஸா பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். நான்காம் அறைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. செ. நிமலன் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் இருந்தது. முந்தின நாள் மாலை ஐந்தரைக்குச் சாவி கொடுத்ததாகக் குறிப்பு.

நிமலன் இறந்து சரியாக ஒரு வருடம்.

மாத்தளையில் கூடும் அந்த ஆய்வுச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில், பட்டப்பின்படிப்பு மாணவர்களைக் கவனிப்பது கைறுன்னிஸாவின் பொறுப்பு. தங்க இடம், பஸ் செலவு, கட்டுரை வாசிக்கப் பயந்து நடுங்குகிறவர்களுக்கு ஒரு கோப்பை பிளேன்டீ, எல்லாமே அவள் கையால்தான். புத்தகத்தைச் செயலாளர் ரஜிதாவிடம் காட்டினாள்.

ரஜிதா தலையில் கை வைத்தாள். போன வருடப் பட்டியலை அப்படியே எடுத்துத் திருத்தித்தான் இந்த வருட நிகழ்ச்சி நிரலை அடித்திருந்தாளாம். இந்தப் பெயர் கண்ணில் படவில்லை. ஆகவே நிரலிலும் பெயர் இருக்கிறது, அறை தயார் என்ற குறுஞ்செய்தியும் அவன் நம்பருக்குப் போயிருக்கிறது.

"ஆனா சாவி வாங்கினது யாரு மிஸ்? பேய்க்கு எதுக்கு ரூம், புளியமரம் இல்லையா" என்று சிரிக்கப் பார்த்தவள், கைறுன்னிஸாவின் முகத்தைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கைறுன்னிஸா நான்காம் அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே பகல் வெளிச்சத்திலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சவர்க்காரம் உறை பிரிக்காமல் கிடந்தது. தரையில் மட்டும் பழைய பத்திரிகைத் தாள்கள், ஓர் ஆள் நீளத்துக்கு விரித்தபடி.

அவள் வாசற்படியிலேயே நின்று வாய்க்கு வந்த வேத வசனத்தை ஓதினாள். அவளுக்கும் அந்த இறந்தவனுக்கும் நடுவில் ஒரு விஷயம் இருந்தது. அல்லாஹ்வைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

போன வருடம், மாநாட்டுக்கு முந்தின நாள் அவன் தொலைபேசியில் அழைத்தான். லக்கலையில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர்களிடம் ஆய்வுக்கு விவரம் எடுத்துக்கொண்டிருந்தான். நாளை முதல் பஸ்ஸில் வந்தால் நேரத்துக்கு எட்டாது, இன்று மாலைப் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், ஓர் இரவு தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டான். விண்ணப்ப முடிவு திகதி இரண்டு நாளைக்கு முன்பே போய்விட்டது என்றாள் அவள். சரிங்க மிஸ் என்று வைத்துவிட்டான். விடியுமுன் யாரிடமோ இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். வளைவில் யானை நின்றது. அந்த இரவு விடுதியில் மூன்று அறைகள் சும்மா கிடந்தன.

அதற்குப் பிறகு அவள் முடிவு திகதியையே எடுத்துவிட்டாள். யார் எப்போது கேட்டாலும் அறை உண்டு. ஆனாலும் ஒவ்வொரு விடியற்கால ஸுபஹ் தொழுகையிலும் முடிவில் ஸலாம் கொடுக்கிற நேரம் காதுக்குள் அந்தச் 'சரிங்க மிஸ்' கேட்கும்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். கட்டுரைக்காரர் வராவிட்டால் தலைவர் மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் இல்லையென்றால் அந்தப் பதினைந்து நிமிடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் சபை சும்மா காத்திருக்கும். அறையைச் சாத்திவிட்டு வந்த கைறுன்னிஸா, அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டாம் என்று தலைவர் இத்ரூஸிடம் சொல்ல ஓடினாள். இரண்டாம் மண்டப வாசலை அவள் எட்டும்போது அவர் மூன்றாம் தரமும் கூப்பிட்டு முடித்திருந்தார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சாவியோடு கொடுத்த மாநாட்டு அட்டை, அதில் நிமலன் என்ற பெயர். சபை திரும்பிப் பார்த்து உறைந்துபோயிற்று.

கைறுன்னிஸா மெல்லப் போய் அவர் கையைத் தொட்டு வெளியே அழைத்துவந்தாள். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்த செல்லச்சாமி, நிமலனின் அப்பா என்று சொன்னார்.

"அவன் போனை இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்கேங்க. ரூம் ரெடின்னு வந்துச்சு. அவன் பேரு இருந்த எடத்துல என் பேரை எழுதக்கூடாதுன்னு அவன் பேரையே எழுதிட்டேன். தப்புங்களா?"

தப்பில்லை என்றாள். கட்டிலில் ஏன் படுக்கவில்லை என்று கேட்டாள். அது அவனுக்குக் கொடுத்த கட்டில் ஆச்சே என்றார்.

பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். தோட்டத்தில் ஆளுக்கொரு கதை பேசுகிறார்கள். குடித்துவிட்டுக் கிளம்பினான் என்கிறார்கள். இல்லாவிட்டால் முதல் நாளே வந்து தங்கியிருக்க மாட்டானா, இப்படி ரூம் கொடுக்கிற இடத்தில், என்கிறார்கள். அவன் அம்மா சுந்தரம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து எல்லாரும் தண்ணீர் பிடிக்கக் கூடும் பீலிக்குக்கூடப் போவதில்லை.

"ஏன் மிஸ் அவன் இருட்டுல கெளம்பினான்? இங்க யாருக்காச்சும் தெரியுங்களா?"

சங்கம் உங்கள் மகனை மறக்கவில்லை, அதனால்தான் அறை கொடுத்தோம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பிக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். இரக்கம் போலத் தெரிகிற பொய் அது. ஆனால் அதைச் சொன்னால் அந்தப் பிள்ளை குடிகாரனாகவே மண்ணுக்குள் கிடப்பான்.

"அவர் ரூம் கேட்டார் ஐயா. முதல் நாளே கேட்டார். நான்தான் இல்லையெண்டு சொன்னேன். ரூம் இருந்திச்சு. நாள் பிந்திட்டுதெண்டு குடுக்கல்ல. இந்த வருஷம் வந்த மெசேஜும் அவரை ஞாபகம் வச்சு அனுப்பினதில்ல, பிழையா வந்தது."

செல்லச்சாமி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அப்ப, புள்ள கேட்டிருக்கான்."

"கேட்டார்."

"என்கிட்ட சொன்னது பத்தாதுங்க. அவங்க அம்மாகிட்ட வந்து சொல்லுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மேசையை ரஜிதாவிடம் ஒப்படைத்துவிட்டு, பிற்பகல் கட்டுரைக்காரர்களுக்குச் சுடுதண்ணீர் வைக்க மறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவருடன் பஸ் நிலையத்துக்கு நடந்தாள். மேட்டில் பஸ் இரைந்து ஏறும்போது, பிடித்துக்கொள்ளச் சொல்லி அவர் முன்சீட்டுக் கம்பியைக் காட்டினார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டு வாசலில் சுந்தரம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் இருவர் விறகு கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கைறுன்னிஸா குரலைத் தாழ்த்தப் போனாள். செல்லச்சாமி வேண்டாம் என்று தலையசைத்தார்.

"சத்தமா சொல்லுங்க மிஸ். அவங்களுக்கும் கேக்கட்டும்."

அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி, அவள் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.