துடைத்த பதிவேட்டில் மிஞ்சிய வரி

மேலாளர் மீதான புகார்க் கோப்பு சர்வரிலிருந்து காணாமல் போனது. பழி கம்ப்யூட்டர்காரர் தலையில் விழுந்தது. வேலை போய்விடும் என்றார்கள். அழித்தவர் யாரென்று பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்தால் தெரியும். திறக்கப்போனால் ‘அனுமதி இல்லை’ என்றது கணினி. பெயருக்குத்தான் அவர் அட்மின், சாவி மேலாளர் இடுப்பில். போன மாதம், “அட்மின் பட்டியல்ல என் பேரு மட்டும்தான் இருக்கணும்” என்று மேலாளர் அடம்பிடித்ததில், இவரே மேலாளர் பெயரைச் சேர்த்துவிட்டுத் தன் உரிமையை நீக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் கெஞ்சியபின் மேலாளர் பெருந்தன்மையோடு அனுமதி தந்தார். பதிவேடு துடைத்துவைத்த தட்டுபோல் இருந்தது. ஒரே ஒரு வரி மட்டும் மிச்சம்: பதிவேட்டை அழித்தவர் மேலாளர், இன்று காலை பத்து மணிக்கு. பதிவேட்டை அழித்தால் அழித்தவர் பெயரை அதுவே எழுதிவைக்கும் என்பது மேலாளருக்குத் தெரியாது.

“சார், உங்க பேருதான் இருக்கு.”

மேலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். “சரி, அழிக்கிற உரிமைய எனக்கு யாருய்யா குடுத்தது?”

“நான்தான் சார். நீங்க கேட்டீங்கன்னு...”

“கேட்டா குடுத்துடுறதா? இதுதான் நீ பாதுகாக்குற லட்சணமா?”

மாலையில் வந்த பணிநீக்கக் கடிதத்தில் ஒரே குற்றம்தான் இருந்தது: தகுதியில்லாத நபருக்கு அட்மின் உரிமை வழங்கியது. கீழே மேலாளரின் கையெழுத்து, வழக்கம்போல் அரைப் பக்கத்துக்கு.