சத்தமில்லாத வண்டி

பழைய காரில் போனால் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கும். நான் எதைச் சொன்னாலும் என் வீட்டுக்காரர், "வண்டி சத்தத்துல ஒண்ணும் கேக்கல, வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்" என்பார். வீட்டுக்குப் போனால் டிவி. நானும் பைத்தியக்காரி மாதிரி வண்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று புது எஸ்யூவி வந்தது. சின்னதுதான், ஆனால் சொகுசுக்குக் குறைவில்லை. தோல் சீட், தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை. கதவைச் சாத்தியதும் தெருவே வாயை மூடிக்கொண்டது. என் வளையல் உரசுவது எனக்கே கேட்டது. அவர் ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தபடி ஓட்டினார்.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று, இத்தனை நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மார்ல ஒரு கட்டி இருக்கு. அத டெஸ்ட்டுக்கு அனுப்பணுமாம். நாளைக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார். கூட வரீங்களா?"

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்கதோஷத்தில் அவர் சொன்னார்: "வண்டி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போனது.

நான் என் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டேன். தெருச் சத்தம் உள்ளே வரட்டும். பாவம், மனுஷனுக்கு ஒரு சாக்காவது வேண்டாமா?