பதினாறு கிராம் ஆக்சிஜன்

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ப்ளஸ் டூ வேதியியல் விடைத்தாள் திருத்தும் முகாம், கடைசி நாள், மணி மூன்று. தாம்பரத்துப் பள்ளிக்கூட ஹாலில் மற்ற மேஜைகள் காலியாகிவிட்டன. ஒரு குழுவுக்குத் தலைவி போக ஆறு ஆசிரியர்கள். ஆறு பேரும் முடித்தால்தான் ஒருவராவது கிளம்பலாம் என்பது முகாம் வழக்கம். ஐந்து பேர் பேனாவை மூடிவிட்டு யக்ஞநாராயணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையோ நத்தையோடு போட்டி போட்டது.

போன வருஷம் வரை வேகத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்த வருஷம் மனைவி இல்லை, மகன் நாக்பூரில். அஸ்தினாபுரத்து வீட்டைத் திறந்தால் காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். இங்கே பத்து நாளாகப் பேச்சு, கிண்டல், பங்கு போட்டுக் குடித்த டீ. இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும் என்று மனுஷன் வெட்கமில்லாமல் ஏங்கினார்.

மிச்சமிருந்த தாளில் ஒன்று வழிகாட்டியது. பதினாறு கிராம் ஆக்சிஜன் வாயுவில் மோல்கள், மூலக்கூறுகள், அணுக்கள் எத்தனை என்பது கேள்வி. அந்த வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்தே இருக்கும். ஆகவே முப்பத்திரண்டால் வகுத்து அரை மோல் என்று எழுத வேண்டும். எழுதிய பிள்ளை பதினாறால் வகுத்து ஒரு மோல் என்றது, மூலக்கூறும் தப்பு. ஆனால் ஒவ்வோர் அணுவையும் தனியாகவே நினைத்துக் கணக்குப் போட்டதில், அணுக்களின் எண்ணிக்கை மட்டும் எப்படியோ சரியாக வந்துவிட்டது. இதே மாதிரித் தாள்கள் முதல் நாளிலிருந்தே வந்தன. எல்லோரும் மூன்றுக்கும் சுழி போட்டிருந்தார்கள், அவரும்தான்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றார், குழுத் தலைவி வேதாவிடம்.

எல்லோரும் அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். "வழியே தப்பாச்சே சார்" என்றார் குப்புராஜ். "விடை சரியாத்தானே இருக்கு?" என்று இவர் மல்லுக்கு நின்றார். ஆளுக்கொன்று சொன்னார்கள், சிரித்தார்கள். இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வேதா விடைக்குறிப்பைப் புரட்டினார். "மூணுக்கும் தனித்தனி மார்க்தான் போட்டிருக்கு. ஒரு மார்க் குடுத்துடணும். அப்போ பழைய கட்டு எல்லாத்தையும் பிரிச்சாகணுமே!"

சிரிப்பு நின்றது. குப்புராஜ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கென்ன சார், வீட்ல யார் தேடப்போறாங்க? எனக்குக் கோவளம் பஸ் போயிடும்" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யக்ஞநாராயணனுக்கு உடம்பு கூசியது. "நீங்கள்லாம் கிளம்புங்கோ. எல்லாக் கட்டையும் நானே பாத்துடறேன்."

யாராவது ஒருத்தர், நானும் இருக்கிறேன் என்பார் என்று காத்திருந்தார். வேதா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. "தேங்க்ஸ் சார், தேங்க்ஸ்" என்று கை குலுக்கிவிட்டு ஐந்து பேரும் பறந்துவிட்டார்கள். முடிந்ததும் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு வேதாவும் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார். யக்ஞநாராயணன் குப்புராஜின் கட்டைப் பிரித்தார்.

பியூன் சவுரிமுத்து சாவிக்கொத்தோடு வந்து ஹாலை ஒரு நோட்டம் விட்டான்.

"நீங்க ஒருத்தர்தானே சார் கீறீங்க? இந்த ஒரு ஃபேன் போதும்ல?"

"போதும்ப்பா."

சவுரிமுத்து சுவரோரமாக நடந்து சுவிட்சுகளைத் தட்டினான். வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஃபேனாகத் தளர்ந்து நின்றுகொண்டே வந்தது.