மூன்று புள்ளி மீன்

மலாவி ஏரிக்கரைக் கொட்டகையில், தொட்டி முன் குந்தியிருந்தாள் டெம்வா. மீன்களை இனம் பிரிப்பது அவள் வேலை. அப்போதுதான் வந்திறங்கிய பெண் மீன்கள் மிரண்டு வெளிறிக் கிடந்தன. பயம் தெளிந்தால்தான் உடம்பில் அடையாளம் எழும். விலாவில் மூன்று புள்ளி தெரிந்தால் ஓர் இனம். பிடரியிலிருந்து வால்வரை சாய்வாகக் கோடு ஓடினால் வேறு இனம். மற்றபடி இரண்டும் ஒரே சாம்பல் நிறம். கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வெளிநாட்டுக்காரன் கேட்டிருந்தது புள்ளி மீன்.

மேற்பார்வையாளர் கோண்ட்வே காத்திருக்க விடவில்லை. விமானத்துக்கு நேரமாகிறது, பையில் போடு என்றார். கலந்திருக்கிறது, கொஞ்சம் பொறுத்தால் பிரித்துவிடலாம் என்றாள். மீனா உனக்குச் சம்பளம் தருகிறது என்று கேட்டார்.

மறுவாரம் புகார் வந்தது: பாதி கோட்டு மீன். பிரிக்கிறவளுக்குக் கண் சரியில்லை என்று கோண்ட்வே முதலாளியிடம் சொல்லிவிட்டார். அதோடு விடவில்லை. காலையில்தான் ஆழத்தில் மீன் பிடித்துவிட்டு ஏறியிருந்த அவள் அண்ணன் சுஸ்கோவை, குறைந்த புள்ளி மீனைப் பிடிக்க மறுபடி இறங்கச் சொன்னார். ஒரே நாளில் இரண்டு முறை அவ்வளவு ஆழம் போகக்கூடாதென்று கரையில் எல்லோருக்கும் தெரியும். இறங்காவிட்டால் தங்கைக்கு வேலை இல்லை என்றார் கோண்ட்வே. சுஸ்கோ இறங்கினான்.

புள்ளி மீன்களைப் பிடித்து, ஏரியின் அடியில் கிடந்த கூண்டில் அடைத்தான். அதற்குள் படகிலிருந்து அவனுக்குக் காற்று அனுப்பும் யந்திரம் பெட்ரோல் தீர்ந்து நின்றது. அளந்துதான் ஊற்றியிருந்தார்கள். நின்று நின்று ஏற வேண்டியவன், மூச்சு முட்ட ஒரே எம்பில் மேலே வந்தான். கரையில் எழுந்து நிற்கப் பார்த்து மணலில் சரிந்தான்.

"கால் எங்க இருக்குன்னே தெரியல, டெம்வா," என்றான்.

அவள் கோண்ட்வேயிடம் ஓடி ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டாள்.

"வண்டி மீனுக்கு. சூடா எண்ணெய் தேய்ச்சுப் படுக்கச் சொல்லு, சரியாயிடும்."

"எனக்கு மீன்தான் அடையாளம் தெரியலன்னீங்க. உங்களுக்கு மனுசனையே தெரியலையேய்யா."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் படகுக்குப் போனார்.

நாலு பேர் சேர்ந்து சுஸ்கோவைப் பாயோடு தூக்கிச் சாலையோரம் கிடத்தினார்கள். வருகிற லாரியை மறிக்க டெம்வா வெயிலில் நின்றாள். ஏரியில் படகுக்காரர்கள் கூண்டின் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். ஆழத்து மீனைச் சட்டென்று தூக்கினால் வயிறு உப்பிச் செத்துவிடும்; இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்றுதான் மேலே கொண்டுவருவார்கள்.

"மெல்லடா, மெல்ல. அதுங்க உடம்பு தாங்காது," என்று கோண்ட்வே சொல்வது சாலைவரை கேட்டது.