ஆளுக்குப் பாதி

வெயிலில் போடலாமென்று அப்பாவின் மெத்தையைச் சுருட்டியபோது தலைமாட்டிலிருந்து ஒரு தகர டப்பா உருண்டு விழுந்தது. மகள் குனிந்து எடுத்துத் திறந்தாள். உள்ளே எல்லாம் பாதி பாதியாக வெட்டிய மாத்திரைகள்.

"அதைத் தூக்கிப் போட்டுடாத. என் மாத்திரையும் அதுலதான் இருக்கு" என்றாள் அம்மா, சுவரில் சாய்ந்தபடியே.

அப்பாவின் காரியமெல்லாம் நேற்றுதான் முடிந்திருந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள், இரவல் வாங்கிய நாற்காலிகள் மட்டும் வாசலில் அப்படியே கிடந்தன. மகளுக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. இருந்தும் கேட்டாள். அம்மா சாவகாசமாகச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம், எழுதிக் கொடுத்ததும் ஒரே மாத்திரை. ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அப்பாவுக்கு முன்னாள் வீரர்களுக்கான ஆஸ்பத்திரியில் சும்மா கிடைத்தது. அம்மாவுக்குக் கடையில்தான் வாங்க வேண்டும். விலையைக் கேட்டாலே அழுத்தம் ஏறிவிடும். அப்பா பிளேடைக் கையில் எடுத்துவிட்டார்.

"அரை ரேஷன்ல மலைமேல லாரி ஓட்டினவன், அரை மாத்திரையில வண்டி ஓட்ட மாட்டேனான்னு சிரிப்பாரு."

மகள் டப்பாவை மூடினாள். இவ்வளவு மருந்துக்கும் அழுத்தம் இறங்கவில்லையே, ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டர் முன்பு அவளிடம்தான் கேட்டார். ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்று அவளும் அடித்துச் சொன்னாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். கடைசியில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துத்தான் போனார்.

அவருடைய மருத்துவ அட்டையை ஒப்படைக்க அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து வாங்குமிடத்தில் அனுமார் வால் வரிசை. கையில் தடியும் துணிப்பையுமாகக் கிழவர்கள் நின்றார்கள். எதற்குக் காசு, எது இலவசம் என்று முன்னால் நின்றவர் பக்கத்து ஆளைக் கேட்டார். சண்டையில் பட்ட காயத்துக்கு மட்டும்தான் இலவசம் என்றார் அவர். இன்னொருவர் இல்லவே இல்லை என்றார். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது.

மருந்து கொடுக்கும் பெண் அட்டையை வாங்கிக்கொண்டு கணினியைப் பார்த்தாள்.

"உங்கம்மா பேரைச் சேர்க்கவே இல்லையே. அவங்களுக்கும் மாத்திரை சும்மாதான். அவர் போனாலும் உண்டு."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே உண்டுங்க. யாராவது வந்து கேட்டாத்தானே."

அப்பா எங்கேயும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சல்யூட் அடிக்காத குறையாகத் திரும்பிவிடுவார். மகளுக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. செத்துப்போன மனிதரை எங்கே போய்த் திட்டுவது.

பெயரைச் சேர்த்து, வீட்டுக்கு வந்து அம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போய், மறுபடி வரிசையில் நின்று வாங்கி வருவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. மாத்திரை அட்டைகளை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"இனிமே நீ முழுசாப் போடணும். உனக்கும் சும்மா குடுக்கறாங்க."

"எனக்குமா? எப்பலேர்ந்து?"

வரும் வழியெல்லாம் மகள் பயந்துகொண்டிருந்த கேள்வி. "இப்பத்தான். புதுசா கொண்டு வந்திருக்காங்க" என்றாள்.

அம்மா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாதி போட்டதாலயா போயிட்டாரு?"

"இல்லம்மா. வயசு."

அம்மா ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, டப்பா மூடியில் வைத்து, பிளேடால் அழுத்தினாள். அது இரண்டாயிற்று. ஒரு பாதியை வாயில் போட்டுத் தம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தாள். மற்ற பாதியை மூடியோடு நகர்த்தி, மெத்தை இல்லாத கட்டிலில் அவர் தலைமாட்டுப் பக்கம் வைத்தாள்.

மகள் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு, அம்மா அந்தப் பாதியையும் போட இன்னொரு தடவை தண்ணீர் பிடிக்கப் போனாள்.