ஏரிக்கு நடுவே ஒரு கோடு

மருந்துப் பெட்டியைக் கட்டியிருந்த ரப்பர் டியூப் அவிழ மாட்டேன் என்றது. அப்பா போட்ட முடிச்சு. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிள் கேரியரோடு மல்லுக்கட்டினாள். உள்ளே முன்னறையில் அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். அவர் வேலை பார்த்த கால்நடைத் துறையிலிருந்து காலையிலேயே போன். எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. "மாட்டு ஊசி மருந்தும்மா, பெட்டி பத்திரமா இருக்கா?"

நேற்று அக்கரை ஊர் முகாமுக்கு அந்தப் பெட்டியோடுதான் கிளம்பினார். வெயிலில் ஏரிக்கரைச் சாலையில் சரிந்து கிடந்தவரையும் சைக்கிளையும் பால்காரர்தான் வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்.

முன்பெல்லாம் பஸ்ஸில்தான் போவார். எட்டு கிலோமீட்டரைத் தாண்டினால்தான் பயணப்படி என்பது விதி. அதையும் சாலையில் அளக்க மாட்டார்களாம். கணக்குப் பிரிவுக்காரர் வரைபடத்தை விரித்து, ஏரிக்கு நடுவே சர்ரென்று ஒரு கோடு இழுத்து, "ஏழரைதான் வருது" என்று டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாலையில் போனால் பதினாலு. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் ஸ்கேல். அன்றிலிருந்து அப்பாவுக்கு சைக்கிள்.

"ஸ்கேலுக்கு நீச்சல் தெரியும் போல. நான் என்ன பண்றது, சுத்தித்தான் போகணும்" என்று அப்பா சிரிப்பார். அம்மாவும் சேர்ந்துகொள்வாள். மகளுக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. பட்டம் வாங்கிய கையோடு அவள் எழுதிய முதல் மனு அதற்குத்தான். விதியில் இடமில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

வாசலில் ஜீப் நின்றது. அதிகாரியும் ஸ்கேலும் இறங்கினார்கள்.

"லேட்டாயிடுச்சும்மா" என்று ஸ்கேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அக்கரையில இருக்கற தலைமை ஆபீஸ்லேருந்து ஏரியைச் சுத்திக்கிட்டு வரணுமே. என்னா தூரம், என்னா ரோடு."

மகள் முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

அதிகாரி அப்பாவின் காலடியில் சற்று நின்றுவிட்டு அம்மாவிடம் குனிந்தார். "டியூட்டில இறந்தாருன்னு போட முடியாதும்மா. எட்டு கிலோமீட்டருக்குள்ள போனா ரூல்ஸ்படி அது பயணமே இல்ல. சொந்த வேலையா போனாருன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, மத்ததெல்லாம் நான் சீக்கிரம் முடிச்சுத் தரேன்."

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "படிச்சவ அவதான். அவகிட்ட கேளுங்க."

"சொந்த வேலைக்கு எவனாவது மாட்டு ஊசியைக் கட்டித் தூக்கிட்டுப் போவானா சார்?" என்றாள் மகள்.

"கோபப்படாதம்மா. தூரம்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு. நீங்க ஏன் சுத்தி வந்தீங்க? கோட்டு மேலயே வந்திருக்கலாமே. ஏழரைதானே."

அதிகாரி ஸ்கேலைப் பார்த்தார். ஸ்கேல் தன் செருப்பைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அதிகாரி. "பெட்டியையாவது குடும்மா. மருந்து கெட்டுப்போயிடும்."

"நேத்தே கெட்டுப்போச்சு சார்."

மகள் மறுபடி முடிச்சில் கை வைத்தாள். அம்மா உள்ளிருந்தபடியே சொன்னாள்: "அவுக்காதடி. அவர் என்ன வேலையா போனாருன்னு யாராச்சும் வந்து பாக்கட்டும்."

ஜீப் திரும்பியது. வாசலிலிருந்து பார்த்தால் ஏரி முழுதும் தெரியும். கரையைச் சுற்றிப் புழுதி எழுந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஜீப் போய்ச்சேர வெகுநேரம் ஆயிற்று. மகள் சைக்கிள் சீட்டில் கை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.